விசிறியில் ஒட்டிய குங்குமம்

கிரண்குமார் அண்ணனின் வலது கை விரல் முட்டிகள் ஒரே வரிசையில் இருக்காது. நடுமுட்டி உள்ளே அமுங்கியிருக்கும். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்தபோது, பாத்ரூம் போய்வரத் தாமதமானதற்காக சூப்பர்வைசர் அவனைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டினார். திட்டி முடிப்பதற்குள் தாடை பெயர்ந்து தரையில் கிடந்தார். அந்தத் தாடையில் உடைந்த முட்டி அது. வேலையும் அன்றே போயிற்று.

ரூபா அண்ணியின் இடது மணிக்கட்டும் நேராக இருக்காது. வேலை போனதை அவள் தன் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள். அதற்காக அண்ணன் அவள் கையை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது என்று என் அம்மா இன்றும் சொல்வாள். எங்களுடையது பக்கத்து வீடு. அவன் என் பெரியப்பா மகன்.

அண்ணி காளஹஸ்திக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டு பிரித்த பிறகும் வரவில்லை. பெரியப்பா போய்க் கெஞ்சி அழைத்து வந்தபோது, வாசலில் நின்றபடியே அண்ணனிடம் சொன்னாள்.

"இன்னொரு தபா கை ஓங்கின, நான் கத்தமாட்டேன். பஞ்சாயத்து கூட்டமாட்டேன். பஸ் ஏறிடுவேன். அப்புறம் உங்க நைனா இல்ல, யாரு வந்தாலும் வரமாட்டேன்."

கொண்டுவந்த நீலப் பையை அவள் அலமாரியில் வைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அது அங்கேயே தொங்கியது. அண்ணன் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பான்.

அவன் கையை அடக்கியது பயம் மட்டுமல்ல. ஒரு கேம் பெட்டியும்தான். சத்தியவேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, பெரிய டிவியையும் கேம் பெட்டியையும் வைத்துக் கடை போட்டான். ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனிப் பையன்கள் யூனிபார்மோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் விளையாடுவார்கள். எல்லாம் சண்டை விளையாட்டு. திரையில் ஒருவன் மூக்கு உடையும், இன்னொருவன் கழுத்து திரும்பும். "ஒரேய் லேவரா!" என்று கீழே விழுந்தவனைத் தெலுங்கில் எழுப்பிக் கத்துவார்கள். "உன் ஆளு பல்லு பூரா என் காலாண்ட கெடக்குது, பொறுக்கிக்கினு போ" என்பார்கள். அதெல்லாம் திரையோடு சரி. வெளியே வந்ததும் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள்.

அண்ணன் கடை திறந்ததும் முதல் ஆட்டம் அவனுடையது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆடுவான். யாரோ ஒருவனை அடித்து, மிதித்து, கூரையிலிருந்து கீழே தள்ளுவான். சட்டை நனைந்துவிடும். கதவைத் திறக்கும்போது முகம் தூங்கி எழுந்தவன் முகம்போல் இருக்கும். இப்படி ஓர் ஆளைத் திருத்த முடியுமா, அல்லது அந்தக் கோபம் வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கிறதா என்று நான் யோசித்ததுண்டு. அண்ணி யோசிக்கவில்லை. "எங்கியோ அடிச்சிட்டு வரான். எனக்கு அது போதும்" என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் சோறு போடும் பொருள் எதற்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். டிராக்டர், தையல் மெஷின், தராசு, மண்வெட்டி எதுவும் தப்பாது. அண்ணி கடைக்கு வந்து டிவிக்குச் சந்தனம் வைத்தாள். கேம் பெட்டிக்குச் சின்னதாக ஒன்று வைத்தபோது அண்ணன் விடவில்லை.

"இன்னா கிள்ளி வெக்கிற? இதான் நம்மள வெச்சி காப்பாத்துது. நல்லா கெட்டியா வை."

அவள் பெட்டியின் மேல்பக்கம் முழுவதும் சந்தனத்தைப் பூசினாள். அதன்மேல் குங்குமத்தை அள்ளி வைத்தாள். மேல்பக்கம்தான் காற்றுப் போகும் ஓட்டைகள் இருந்தன. கற்பூரம் சுற்றி, பூசணிக்காய் உடைத்த கையோடு பெட்டியை ஆன் செய்து, பையன்கள் சாயங்காலம் வரை ஆடினார்கள். நானும் பக்கத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அடுத்த வாரமே பெட்டி உறும ஆரம்பித்தது. பிறகு கொதித்தது. பிறகு ஆட்டத்தின் நடுவில் அணைந்து, மறுபடி எழவில்லை.

வாரண்டி இருந்தது. மொபைல் ரிப்பேர் கடைக்காரர் ஸ்க்ரூவைத் தொடவே மறுத்துவிட்டார். தான் திறந்தால் கம்பெனி கைகழுவிவிடும் என்றார். கம்பெனியோடு பேச வேண்டியது என் வேலையாயிற்று. இரண்டு வீட்டிலும் சேர்த்து டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான். வேலை தேடி நாலு பக்கமும் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு அண்ணன் கொடுத்த முதல் வேலை அது.

போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் பாட்டு, இன்னொன்றை அமுக்கினால் வேறு பாட்டு. தமிழுக்கென்று சொன்ன எண்ணை அமுக்கினால் இந்திக்காரர் வந்தார். கடைசியில் இங்கிலீஷில் ஒருவர் கிடைத்தார்.

"இன்னா சொல்றான்?" என்றான் அண்ணன்.

"நம்ம வருத்தம் அவருக்குப் புரியுதாம்."

"நேர்ல வரச் சொல்லு. இன்னும் நல்லா புரிய வெக்கிறேன்."

கூரியரில் பெட்டி போயிற்று. திரும்பி வந்தது. குறை தீர்க்கப்பட்டது என்று மெசேஜும் வந்தது. செருகிப் பார்த்தோம். பிணம்போல் கிடந்தது. மறுபடி போனில் அதே பாட்டு, அதே வருத்தம். இந்த முறை திருப்பதியில் உள்ள சர்வீஸ் சென்டரில் நேரில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவே இல்லை.

இதற்குள் கடை மூடிக் கிடந்தது. மூடிய கடைக்கு முன்னால் இரண்டு கம்பெனிப் பையன்கள் எதற்கோ மோதிக்கொண்டார்கள். ஒருவன் ஹெல்மெட்டால் அடித்ததில் இன்னொருவனின் காது பிய்ந்து தொங்கியது. இதே நாற்காலிகளில் அருகருகே உட்கார்ந்து ஆடியவர்கள்தான். அண்ணன் வீட்டில் தட்டு பறந்தது. தண்ணீர்க் குடம் நசுங்கியது. வாசலில் படுத்திருந்த நாயை அண்ணன் உதைத்ததில் அது பிறகு மூன்று காலில் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அவன் திரும்பி ஆணியில் தொங்கும் பையைப் பார்ப்பான். அண்ணியின் கண்ணும் பையின் மேல்தான் இருக்கும்.

"திருப்பதிக்கு நீயும் வா" என்றான் என்னிடம். "அங்க உன் இங்கிலீஷ் பேசட்டும். நான் வாயத் தொறந்தா கை பேசிடும்."

சர்வீஸ் சென்டரில் ஏசி ஓடியது. கவுண்டரில் முனிகிருஷ்ணன் என்று பேட்ஜ் போட்டவர் உட்கார்ந்திருந்தார். பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, "வாரண்டிலோ ராது" என்றார். ஏன் வராது என்று கேட்டேன். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

பெட்டியைத் திறந்து எடுத்த படம் அது. உள்ளே இருந்த விசிறியின் ஒவ்வோர் இதழும் சிவந்திருந்தது. சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. அதில் குங்குமம் அப்பிக்கொண்டு, கீழே போர்டு வரைக்கும் இறங்கியிருந்தது.

நான், "தெரியாம நடந்திருக்கு சார்" என்றேன்.

அவர் தமிழுக்கு மாறினார். புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. "தெரியாமயாம்மா இவ்ளோ குப்பையைக் கொட்டுவாங்க?"

"குப்பைன்னு சொல்லாத" என்றான் அண்ணன்.

"பின்ன இன்னான்னு சொல்றது? கம்பெனில அப்பிடித்தான் எழுதியிருக்காங்க. கஸ்டமர் தப்பு. புது போர்டு போடணும். அதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்."

அவர் கைக்கருகில் இருந்த பிரிண்டரின் நெற்றியிலும் பொட்டு காய்ந்திருந்தது. ஆயுத பூஜைப் பொட்டு. அண்ணன் அதைக் காட்டினான்.

"அது இன்னா?"

"அது வெளில வெச்சது. நாங்க இன்னா உன்ன மாதிரி..."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அண்ணனின் இடது கை அவர் சட்டைக் காலரைப் பிடித்து மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துவிட்டது. அவர் மார்பு மோதிக் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டது. வலது கை காதுக்கு மேல் எழுந்து நின்றது. அமுங்கிய முட்டி எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அண்ணா, நீலப் பை!" என்று கத்தினேன்.

கை இறங்கியது. காலரை விட்டான். அதற்குள் செக்யூரிட்டி ஓடிவந்து தடியால் அவன் முதுகில் போட்டார். அண்ணன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டான். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. அடுத்தது காதோரம். ரத்தம் கழுத்தில் இறங்கிக் காலரை நனைத்தது. முழங்காலில் விழுந்த அடியில் மண்டியிட்டான். அப்போதும் கைகள் வெளியே வரவில்லை. அடித்தவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தடியைத் தாழ்த்தி, "போப்பா, போயிடு" என்றார்.

பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் அவன் துண்டால் காதை அழுத்தியபடி வந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. எழுந்து நின்ற கையை ஓங்கியதாகக் கணக்கில் வைப்பதா, வைக்காமல் விடுவதா? அண்ணி கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சத்தியவேடு நெருங்கும்போது அவன் வாய் திறந்தான்.

"அவதானே வெச்சா."

என் பெருமை அங்கேயே செத்தது.

வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தாள். ரத்தத்தைப் பார்த்து, "யார அடிச்ச?" என்றாள்.

"யாரையும் இல்ல. வாங்கிக்கினு வந்திருக்கேன். எல்லாம் நீ வெச்ச குங்குமத்துக்கு. உள்ள பூரா அதான்."

"கெட்டியா வைன்னு சொன்னது யாரு? நான் கிள்ளித்தானே வெச்சேன்?"

அது உண்மை. அந்த நேரத்தில் அவனால் தாங்க முடியாத உண்மை. என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினான். எதிரே அவள். நடுவில் ஓரடி தூரம்கூட இல்லை. அவள் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வளைந்த மணிக்கட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவன் உடம்பைத் திருப்பிப் பெட்டியைப் படிக்கல்லில் போட்டான். போட்டதை எடுத்து மறுபடி போட்டான். துணி துவைக்கும் கல்லைத் தூக்கி அதன்மேல் இடித்தான். தகடு நெளிந்து, பிளாஸ்டிக் தெறித்தது. ஒரு துண்டு வந்து அண்ணியின் நெற்றியைக் கிழித்தது. மூக்கு வழியாக ரத்தம் ஒழுகியது.

அண்ணன் கல்லைக் கீழே போட்டான். "உன் மேல ஓங்கல ரூபா. சத்தியமா உன் மேல ஓங்கல."

"தெரியும்" என்றாள்.

உள்ளே போய் ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்தாள். முந்தானையால் நெற்றியை அழுத்திப் பிடித்தபடி தெருவில் நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. உடைந்து கிடந்தவற்றின் நடுவில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றான்.

நான் பின்னால் ஓடி அவளோடு காளஹஸ்தி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் நெற்றியைப் பார்த்து என்னம்மா ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டார். "கேம் பொட்டி ஒடைஞ்சிடுச்சி" என்றாள். ஊர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அங்க அடி வாங்குறப்ப இன்னா பண்ணான்?"

"கையக் கட்டிக்கினு நின்னான் அண்ணி. ஒண்ணுகூட திருப்பித் தரல."

முந்தானையை எடுத்து ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தாள்.

"யாரோ ஒருத்தன்கிட்ட அடக்க முடிஞ்சிருக்குது" என்றாள். "எங்கிட்டதான் முடியல."