கதவடிச் சிரிப்பு

என் மனுசனுக்குச் சிரிக்க வராது. கல்யாணப் படத்தில்கூட உர்ரென்றுதான் நிற்கிறார். முப்பது வருசமாக நான் பொறுத்துக்கொண்டதை ஹோட்டல் மனேஜரால் மூன்று மாதம் பொறுக்க முடியவில்லை.

அந்த ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிற நான்தான் கெஞ்சி அவரை வாசலில் சேர்த்துவிட்டேன். கதவைத் திறந்துவிட்டு, வருகிறவர்களின் பெட்டிகளைத் தூக்க வேண்டும். மூன்று மாதம் சோதனைக்காலம். தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் பழையபடி பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். அந்த ஷிப்டால்தான் பல வருசம் நான் வீட்டுக்கு வர அவர் போவார், அவர் வர நான் போவேன்.

சோதனைக்காலத்தின் கடைசிக் கிழமை மனேஜர் அவரைக் கூப்பிட்டார். வேலையில் குறையில்லை, வெள்ளிக்கிழமைக்குள் முகத்தில் சிரிப்பு வேண்டும் என்றாராம்.

ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற எங்கள் வீட்டில், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பயிற்சி தொடங்கியது. பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல் வாயைத் திறந்தார்.

"இஞ்சாருங்கோ, சனம் பயந்து அடுத்த ஹோட்டலுக்குப் போயிடும்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, "இந்த வயசிலை இனி ஆர் எனக்கு வேலை தரப்போகினம்?" என்றார். பகிடி பண்ணிய என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை என் பதினாலு அறைகளையும் முடிக்க மூன்று மணியாகிவிட்டது. அறை துப்புரவாக்குகிற எங்களுக்குப் பின்கதவுதான். ஒரே கட்டடத்தில் வேலை செய்தும் அவர் வாசலில் நிற்பதை நான் கண்டதில்லை. அன்றைக்கு மனசு கேட்கவில்லை. சுற்றி முன்தெருவுக்குப் போனேன்.

நீலக் கோட்டும் தொப்பியுமாக, அதே உர்ரென்ற முகத்தோடு நின்றார். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் மனேஜர். நான் வேறெங்கோ போகிறவள்போல நடந்தேன். என்னைக் கண்டதும் அவர் வாய் தானாக விரிந்தது. கன்னத்தில் குழி விழுந்தது. அவருக்குக் குழி விழும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மனேஜர் வெளியே வந்து அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அவருடைய ஷிப்ட் முடியும்வரை ஸ்டேஷனில் காத்திருந்தேன். வந்ததும், வேலை நிரந்தரம் என்றார். ஆனால் ரயிலில் யோசனையோடு இருந்தார்.

"மற்ற ஆக்களைப் பாத்து அப்பிடிச் சிரிக்க எனக்கு ஏலாது. நீர் ஒவ்வொரு நாளும் முன்னாலை வந்து போவீரோ?"

"ஓம், வாறன்" என்றேன்.

அப்படிச் சுற்றிப் போனால் ஐந்து நிமிடம் கூடப் பிடிக்கும். அன்றிலிருந்து ஒருநாளும் நான் நேரே ஸ்டேஷனுக்குப் போனதில்லை.