வில்லுக்கு வைத்த குங்குமம்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் பொட்டு வாங்காமல் தப்ப முடியாது. அப்பாவின் குட்டியானை லோடு வண்டி, மண்வெட்டி, கதிர் அரிவாள், கிரைண்டர், இரண்டு வருடமாக என் லேப்டாப். போன ஆயுத பூஜையில் ஒரு வில்லும் சேர்ந்துகொண்டது. அது என் வில் இல்லை.

திருவிடந்தைக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் அம்பு எய்யப் போவோம். அங்கே பழக்கமான அக்கா ஒருவருடைய வில் அது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். காலேஜில் படிக்கும்போது வாங்கிய மர வில். இரண்டு முனையும் வெளிப்புறமாகத் திரும்பி வளைந்திருக்கும். மெல்லிய மரப் பட்டைகளை ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போல ஃபைபர் தகடு வைத்து, அதற்கும் மேலே வார்னிஷ் அடித்திருந்தார்கள். அந்த வார்னிஷ்தான் மங்கித் திட்டுத் திட்டாகக் கிடந்தது.

"யாராச்சும் கார்பெண்டர்கிட்டக் குடுக்கோணும் கண்ணு," என்றார் அக்கா.

"கார்பெண்டர் எதுக்குக்கா? நான் மெக்கானிக்கல் படிச்சவ. நானே பண்ணித் தர்றேன்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பிறகு பொத்தேரிப் பக்கம் காலேஜ், இப்போது நாவலூரில் வேலை. 'படிச்சவ' என்ற சொல்லைத் தேவைக்கு மேலேயே பயன்படுத்துவேன். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

அக்கா தன் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போகும்போது வில்லை என்னிடம் கொடுத்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார். சூட்டில் வைக்காதே, பசை விட்டுப்போகும். தின்னர் ஊற்றாதே, அதுவும் பசையைத் தின்னும். நாணை ஏற்றியபடியே வைக்காதே. மூன்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து வில்லைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். எலி ஏறாத இடம் அது ஒன்றுதான். ஆபீஸ் வேலையில் ஒரு மாதம் போனதே தெரியவில்லை.

ஆயுத பூஜையன்று மாலை வந்து பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் அரிவாளுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் வில் படுத்திருந்தது. மேலிருந்து கீழ்வரை மஞ்சள் தண்ணீரில் துடைத்து, சாண் இடைவெளியில் சந்தனம் தீற்றி, பன்னீரில் குழைத்த குங்குமம் வைத்திருந்தார் அம்மா.

"ஐயோ, இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கே? அது இன்னொருத்தருது!"

"இன்னொருத்தருதுன்னா சாமி கண்ண மூடிக்குமா? வூட்டுல கீற ஒரே ஆயுதம் அதான்டி. கிரைண்டருக்கு வெச்சிட்டு அத்த வுட்டா நல்லாவா இருக்கும்?"

அப்பா வாசலில் எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டே, "எம்மா, எலுமிச்சம்பழம் ஒண்ணு மிச்சம் கீது. வில்லுக்கு எங்க வெக்கணும்னு சொல்லு," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது. மறுநாள் எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. துடைக்கத் துடைக்க ஒன்று புலப்பட்டது: பிடிக்கு மேலே வளையும் பகுதியில், ஒரு சாண் நீளத்துக்கு, முடி போன்ற சிவப்புக் கோடுகள் குறுக்கே வரிசையாக ஓடின. விரிசல்கள். குங்குமச் சாயம் அவற்றுக்குள் இறங்கியிருந்தது.

வார்னிஷில் மட்டும் விரிசல் என்றால் ஒன்றுமில்லை. தகடே விரிசல் விட்டிருந்தால் அந்த வில் முடிந்தது. நாணை இழுக்கும்போது முகத்துக்கு நேராகவே ஒடியும்.

அம்மாவிடம் கத்தினேன். "படிக்காதவங்ககிட்ட ஒரு பொருள நம்பி வெக்க முடியுதா?" என்று கேட்டேன். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் பரணை நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு ஒரு முழம் மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மதியத்தில் அங்கே கை வைத்தால் சுடும். சூட்டில் வைக்காதே என்று அக்கா முதலாவதாகச் சொல்லியிருந்தார். குங்குமம் விரிசலைக் காட்டியது, அவ்வளவுதான். தகட்டில் விரிசல் வந்திருந்தால் அது என்னால் வந்தது.

அன்றைக்கென்று பார்த்து அக்கா ஃபோனில் கேட்டிருந்தார்: வில்லு எப்படி இருக்கு? நன்றாக இருக்கிறது என்பது போலக் கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அனுப்பிய கையோடு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு நாள் வில் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது காலேஜ் லேப் ஞாபகம் வந்தது. வெல்டிங் செய்த இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, அதன்மேல் சிவப்புச் சாயம் ஊற்றித் துடைப்போம். விரிசலுக்குள் போன சாயம் அங்கேயே நிற்கும். அம்மா செய்திருப்பதும் அதேதான். உப்புத்தாள் போட்டு வார்னிஷைத் தேய்க்க வேண்டும். சிவப்பு வார்னிஷோடு போய்விட்டால் வில் பிழைத்தது. தகட்டில் நின்றுவிட்டால் இல்லை.

ஹார்டுவேர் கடைக்காரர், "தின்னர் எடுத்துக்கம்மா, அஞ்சு நிமிஷத்துல உரிஞ்சிடும்," என்றார். உப்புத்தாள் மட்டும் போதும் என்று வந்துவிட்டேன்.

மாட்டுக் கொட்டகை நிழலில் கட்டிலைப் போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினேன். வில் வழுக்கிக்கொண்டே போனது. கூப்பிடாமலே அம்மா வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். முதலில் பழுப்புத் தூள் வந்தது, அப்புறம் ரோஸ் நிறத் தூள். மேலிருந்து ஒரு கோடு மெலிந்தது, காணாமல் போனது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

பிடியை ஒட்டிய கடைசிக் கோடு மட்டும் போகவில்லை. இருபது முறை தேய்த்தும் நின்றது. இன்னும் அழுத்தினால் தகட்டையே தேய்த்துவிடுவேனோ என்று நிறுத்தினேன். நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தேன். நகம் எங்கும் சிக்கவில்லை. பிடி அங்கே குழிந்திருந்ததால் வார்னிஷ் கட்டியாக நின்றிருக்கிறது. தாளை மடித்து விரல்நுனியில் சுற்றி, குழிக்குள் மெதுவாக ஓட்டினேன். கோடு பாதியானது. அப்புறம் ஒரு புள்ளியானது.

"போச்சா?" என்றார் அம்மா.

"போச்சும்மா."

வில்லைக் கட்டிலில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா."

"எதுடி? நீ தெனம் எதனா பேசிகினுதான் கீற. எத்தன்னு நான் ஞாபகம் வெச்சுக்கறது?" அம்மா முந்தானையில் படிந்த ரோஸ் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "போயி கைய கழுவு. இட்லி ஆறிப்போவுது."

மறுபக்கத்தையும் தேய்த்து முடித்து, அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும் மெல்லிசாக ஒரு கோட் வார்னிஷ் அடித்தேன். கட்டிலுக்கு அடியில், நிழலில் காயவைத்தேன். மரத்தின் ரேகைகள் தேன் நிறத்தில் மேலே வந்தன. அக்கா அந்த நிறத்தைப் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும்.

தீபாவளி முடிந்து அக்கா திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை தோப்பில் வில்லை அவர் கையில் கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். பரண், குங்குமம், சிவப்புக் கோடு, கட்டைவிரல் படம்.

"பரண் மேலயா வெச்ச? அடிப்பாவி," என்றார். வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார். நாண் ஏற்றினார். கொஞ்சம் இழுத்து, காதைச் சாய்த்துக் கேட்டு, விட்டார். பாதிவரை இழுத்தார். பிறகு முழுதாக இழுத்து, அப்படியே பிடித்தார்.

மெதுவாக இறக்கினார்.

"சத்தமே இல்லீங்கம்மணி," என்று சிரித்தார். அம்பு ஒன்றை எடுத்து வில்லோடு என் பக்கம் நீட்டினார். "நீ பண்ணுன வேலை. மொத அம்ப நீயே வுடு."

"அக்கா, நீங்க…"

"புடி கண்ணு."

வாங்கி இழுத்தேன். நாண் தாடையைத் தொடும்வரை வந்தது. எங்கும் ஒரு முனகல் இல்லை. விட்டேன். அம்பு இலக்கின் ஓரத்தில்தான் போய்த் தைத்தது. ஆனால் எனக்கு அன்று அதுவே போதுமாக இருந்தது.