காப்பு கட்டிய எந்திரம்

2009 ஆடியில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. அதை மூன்று நாள் மூடி மறைத்த பாவி நான்தான்.

காரைக்கால் பக்கம், கடற்கரையில் எங்கள் ஊர். ஆத்தாளுக்குத் தீமிதி நெருங்கியிருந்தது. தீ மிதிப்பதற்காக அவர் கையில் காப்புக் கயிறு கட்டியாகியிருந்தது. காப்புக் கட்டினவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்களே என்று பயந்து கஷாயம் போட்டுக் கொடுத்தேன். நாலாம் நாள் மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்துவிட்டது. காரைக்காலில் பார்த்துவிட்டு, வாயில் குழாய் வைத்து ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார்கள். பன்றிக்காய்ச்சலாம். வழியெல்லாம் என்னை நானே அடித்துக்கொண்டேன்.

அங்கே மூச்சு எந்திரமும் போதவில்லை. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நுரையீரல் வேலை செய்யலம்மா. இதயமும் சோர்ந்துடுச்சு. ரத்தத்தை வெளிய எடுத்து, எந்திரத்துல காத்தைக் கலந்து, திரும்ப உள்ள விடப்போறோம். ரெண்டுக்கும் ஓய்வு கிடைக்கும். ஆனா உறுதி சொல்ல முடியாது." எக்மோ என்று அதற்குப் பெயராம்.

வலது மணிக்கட்டில் ஊசி வைத்துத்தான் ரத்தத்தில் காற்று சேர்கிறதா என்று பார்க்க முடியுமாம். அதற்குக் காப்பை அறுக்க வேண்டும் என்றார். எனக்கு வாய் நீளம். மீன் ஏலத்தில் என்னை அடக்க ஆள் கிடையாது. "தாலிய வேணா அறுங்க, காப்பை அறுக்க விடமாட்டேன்" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆத்தா, அவரு மேல தப்பில்ல. நான்தான் வீட்டுல வெச்சுப் பூட்டினேன். தண்டனைய எனக்குக் குடு, அவர விட்டுடு" என்று அழுதேன். பிறகு கத்தரிக்கோலை வாங்கி நானே அறுத்தேன். நர்ஸ் பெண் அந்த மஞ்சள் கயிற்றைச் சின்னப் பையில் போட்டு, எந்திரத்தின் கம்பியில் கட்டினாள். "இப்ப அண்ணனுக்காக மூச்சு விடறது இதுதான்க்கா. காப்பும் இது கட்டியிருக்கட்டும்" என்றாள். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஒன்பது நாள். ஒரு குழாயில் கறுத்துப் போன ரத்தம் இன்னொன்றில் சிவந்து திரும்பியது. என் கண்ணால் பார்த்தேன், கும்பிட்டேன். ஊரில் தீமிதியன்று வரிசையில் அவர் இடத்தைக் காலியாக விட்டே எல்லாரும் தீக்குழியில் இறங்கினார்களாம். போனில் கேட்டதும் என் தலை நிமிர்ந்தது. பத்தாம் நாள் எந்திரத்தை நிறுத்தினார்கள். அவர் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. "எங்களுக்கே பெருமையா இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா.

தை பிறந்ததும் அவர் மறுபடி கடலுக்குப் போனார். வலை இழுக்கும்போது அவர் போடுகிற சத்தம் கரைவரை கேட்கிறது. ஏலத்தை நிறுத்திவிட்டு எல்லாரிடமும் சொல்கிறேன், அது என் ஆத்தா கொடுத்த மூச்சு என்று.

அவளை நம்புகிறவர்களே, காய்ச்சல் என்றால் முதலில் வண்டியில் ஏற்றுங்கள். வேண்டுதலை வழியில் வைத்துக்கொள்ளலாம். சென்னைவரை என்கூட வந்தவள் உங்கள்கூட வரமாட்டாளா?