ஏழு நாள் காவி

இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டு வரிசையில் மா சேன் என்ற பர்மாக்காரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரங்கூன்காரி என்றால் போதும். ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்த பழனியாண்டி அவளைக் கட்டிக்கொண்டு, தன் அண்ணன் கங்காணியாக இருந்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். பர்மாப் பெண்கள் முகத்தில் பூசும் ‘தனக்கா’ மரக்கட்டையை ஊரிலிருந்து கொண்டுவந்து, அதை உரைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனவளைப் பார்த்து லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கட்டை தேய்ந்து தீர்ந்தது, சிரிப்பும் தீர்ந்தது.

ஒரே மகன், வீரமுத்து. அவனுக்குப் பத்து வயது முடிந்ததும், ஷின்பியூ செய்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். பர்மாவில் ஆண்பிள்ளை பெற்றவர்கள் விடவே கூடாத சடங்கு அது. பையனை ராஜகுமாரன் மாதிரி உடுத்தி, ஊர்வலம் விட்டு, மொட்டையடித்து, காவி கட்டி மடத்தில் விடுவார்கள். ஒரு வாரம் துறவியாக இருந்துவிட்டு, பயல் வீட்டுக்கு வந்து பழையபடி பட்டம் விடுவான். புண்ணியம் தாய்க்கு. அதைச் செய்யாமல் செத்தால் பிள்ளை பெற்றதே வீண் என்று அவள் நம்பினாள்.

"ஏழு நாள்ல வந்துருவானா?" என்று கேட்டான் பழனியாண்டி.

"எங்க ஊருல எல்லாப் புள்ளையும் வருதுங்க. நம்ம புள்ள மட்டும் எங்க போயிரப் போவுது?"

மலையடியில் சிங்கள ஊரின் புத்த மடமான பன்சலை இருந்தது. அதன் தூபிக்குப் பர்மாவில் போலப் பொன்பூச்சு இல்லை, உச்சியில் மணி தொங்கும் குடையும் இல்லை. இருந்தாலும் புத்தர் புத்தர்தானே! தப்பு மேளம் முழங்க, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான் பழனியாண்டி. மடத்துத் தலைமைப் பிக்குவான பெரிய ஹாமுதுரு மனம் நிறைந்து ஏற்றுக்கொண்டார். எத்தனை நாள் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதெல்லாம் பேச வேண்டிய விஷயமென்று இருவருக்கும் தோன்றவேயில்லை.

எட்டாம் நாள் மகனின் சட்டையையும் சாரத்தையும் எடுத்துக்கொண்டு புருஷனோடு போய் நின்றாள். "இது எதற்கு அம்மா?" என்று சிங்களத்தில் கேட்டார் பெரியவர். அவள் விளக்க விளக்க அவர் முகம் மாறியது. இங்கே காவி கட்டினால் ஆயுசுக்கும்தான். கழற்றிப் போட்டவனை ஊர் ஏறெடுத்தும் பார்க்காது.

"பெத்த புள்ளையத் தானம் குடுத்துட்டியேடி, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டான் பழனியாண்டி.

பெரியவர் நல்ல மனிதர். பிள்ளை வருகிறேன் என்றால் கூட்டிப் போங்கள், ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று மகனை அழைத்தார். வருகிறேன் என்று சொல்லிவிடடா என்று மா சேன் உள்ளுக்குள் கெஞ்சினாள்.

வீரமுத்து சட்டையைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். "அம்மா, இங்க எழுதப் படிக்கச் சொல்லித் தர்றாங்க. நான் இருக்கேன்மா."

வா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வந்தால் அடுத்த வருஷமே தோட்டத்தில் புல்லு வெட்டும் கூலியாகப் பெயர் பதிவார்கள். மொட்டைத் தலையைத் தடவக் கை நீட்டினாள். காவி கட்டியவரைப் பெண் தொடக்கூடாது என்பது நினைவு வந்து இழுத்துக்கொண்டாள். பிறகு மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, பெற்ற மகனை மூன்று தரம் வணங்கினாள். அழுதுகொண்டுதான் வணங்கினாள். மரம்போல் நின்ற பழனியாண்டியை வேட்டியைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

பர்மாவில் ஒரு தாய் மகனை ஒரு வாரம்தான் கும்பிடுவாள். மா சேன் சாகும்வரை பௌர்ணமிதோறும் வரும் ஒவ்வொரு போயாவுக்கும் மலையிறங்கிப் போய்க் கும்பிட்டாள். அவன் தலையை ஒரு தடவைகூடத் தடவ முடிந்ததில்லை.