வேலை செய்கிற இடத்தில் பொட்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அன்று மிக்ஸிக்குப் பொட்டு உண்டு. கிரைண்டருக்கு உண்டு, ஸ்கூட்டருக்கு உண்டு, தேங்காய் துருவிக்கும் அரிவாள்மனைக்கும் உண்டு. என் கணவர் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் பட்டறையில் ஸ்க்ரூ டிரைவர் வரை ஒன்று விடாமல் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு, மீதிச் சந்தனத்தோடு வீட்டுக்கு வருவார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடங்களில், போன வருடம் வரை, ஒரு தடவைகூட அந்தச் சந்தனம் என் கம்ப்யூட்டர் பக்கம் வந்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் காந்திபுரத்தில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கல்யாண கேசட்டின் தொடக்கத்தில் மணமக்கள் பெயரை ரோஜாப்பூவுக்கு நடுவே சுழல விடுவது என் வேலை. அதற்காக வாங்கிய மிஷின்தான் இது. கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் முழுவதும் அடங்கியிருக்கும். டிவியில் மாட்டினால் போதும். புது மிஷின்கள் வந்ததும் இதைக் காயலான் கடைக்கு அனுப்பப் பார்த்தார்கள். நான் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன். அதோடு வந்த ஃப்ளாப்பிகளில் ஒன்றில் பாட்டு செய்கிற சாஃப்ட்வேர் இருந்தது ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது.

திரையில் நான்கு பத்திகள். ஒவ்வொரு பத்தியும் ஒரு குரல். எந்த ஓசை, எந்த சுருதி, எவ்வளவு சத்தம் என்று வரிவரியாக எண்களை அடித்துக்கொண்டே போக வேண்டும். ஓசைகளை நாமே பதிவு செய்து உள்ளே இறக்கலாம், அதுவும் ஒரு நொடி, இரண்டு நொடிதான் கொள்ளும். என்னிடம் வீணையா இருந்தது? கிரைண்டர் கல் சுற்றுவது, மண்டபத்தில் எவர்சில்வர் தட்டு விழுவது, உக்கடம் பஸ் கண்டக்டரின் விசில், இவைதான் என் வாத்தியங்கள்.

சரவணம்பட்டியில் ஐடி வேலையில் இருக்கும் மகள் இதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப க்யூட்டா இருக்குதும்மா. ஆனா இதையே போன்ல நூறு ட்ராக் வெச்சுப் பண்ணலாமே" என்றாள். க்யூட்டாம். நாய்க்குட்டியா அது? எனக்கு நூறு வேண்டாம். நாலே நாலு குரல் இருந்தால் எதுவும் சும்மா நிற்க முடியாது, ஒவ்வொன்றும் உழைத்தாக வேண்டும். இதை அவளிடம் சொன்னால் சரி சரி என்று தலையாட்டுவாள்.

என் வீட்டுக்காரருடைய பதில் அதைவிட மோசம். "நல்லா இருக்குது அம்மணி." அறையைத் தாண்டிப் போகும்போதே சொல்லிவிட்டுப் போவார், நிற்க மாட்டார். ரசத்துக்கும் அதே வார்த்தைதான், அடுத்த வீட்டுக்கு அடித்த பெயிண்டுக்கும் அதேதான். எங்கள் பக்கத்து மரியாதையே இப்படித்தான். திட்டினாலாவது கேட்டிருக்கிறார் என்று தெரியும்.

அந்த மனிதருக்காகத்தான் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு பாட்டு செய்தேன். பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பைக்குள் போனை வைத்து அவருடைய லேத்தின் சத்தத்தைப் பதிவு செய்தேன். அதை ஒயர் வழியாகப் பழைய மிஷினுக்குள் இறக்கி, சுருதியைக் குறைத்து, பாட்டின் அடிக்குரல் முழுவதையும் அதிலேயே அமைத்தேன். அவருக்கு இது தெரியாது. அவராக ஒரு நாள் நின்று, "எங்க, போடு கேக்கலாம்" என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் போடுவது என்று பிடிவாதமாக இருந்தேன். பாட்டு ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது, இன்னொன்றில் நகலும் எடுத்து வைத்திருந்தேன். எல்லா ஃப்ளாப்பியும் இருக்கிற அதே டப்பாவில்.

போன வருடம் பூஜை அன்று பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, தேங்காய் துருவிக்கு இருக்கிற மரியாதைகூட என் மிஷினுக்கு இல்லீங்களா?" அவர் சந்தனக் கிண்ணத்தோடு ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டார். அதை மனதில் வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இந்த வருடம் பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் போய், சுண்டல் பொட்டலத்தோடு திரும்பி வந்தேன். அறை வாசலில் அவர் சிரித்துக்கொண்டே நின்றார். கம்ப்யூட்டரில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை. கிட்டப் போய் மல்லிகையைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் மேஜையைப் பார்த்தேன். முப்பத்தொரு ஃப்ளாப்பிகளும் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் தகர மூடியைத் தள்ளி, உள்ளே தெரியும் பழுப்புத் தகட்டின்மேல் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"என்னங்க பண்ணிப்போட்டீங்க!"

"ஏன் அம்மணி? வேலை செய்யிற எடத்துலதான பொட்டு வெக்கோணும்?"

அது அவர் பட்டறை வழக்கம். லேத்துக்கு உடம்பில் வைக்க மாட்டார். கடையும் துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கில்தான் வைப்பார். டிரில்லுக்கு முனையில், வெர்னியருக்கு அளக்கும் தாடையில். ஃப்ளாப்பியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேலை நடக்கிற இடம் எது என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். மேலே பிளாஸ்டிக்கில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை வருடம் இல்லாத அக்கறை அன்றைக்குத்தானா வரவேண்டும்?

வாயில் வந்தபடியெல்லாம் பேசினேன். பக்கத்து வீட்டில் கொலுப் பாட்டு நின்றுவிட்டது, அவ்வளவு சத்தம். பேசிக்கொண்டே அந்தப் பாட்டு இருந்த ஃப்ளாப்பியைத் தேடி எடுத்து, சேலைத் தலைப்பால் ஒரு துடைப்புத் துடைத்து, டிரைவுக்குள் தள்ளினேன். கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. நிறுத்தினேனா? நகலை எடுத்து அதையும் துடைத்து உள்ளே தள்ளினேன். அதுவும் அரைத்தது.

அடுத்த ஒரு வாரம் அவரே உட்கார்ந்து மற்றவற்றைச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு உறையையும் பிளேடால் பிரித்து, தகட்டை உருவி, இன்வெர்ட்டருக்கு ஊற்றும் தண்ணீரில் அலசி, காயவைத்து, வேறு உறையில் போட்டுக் கொடுத்தார். பட்டறைக்காரர் கை, ஒரு கீறல் விழவில்லை. டிரைவையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். இருபத்தொன்பது ஃப்ளாப்பிகள் பிழைத்தன. போனவை இரண்டே இரண்டு. நான் ஆத்திரத்தில் உள்ளே தள்ளி, குங்குமத்தோடு சேர்த்துத் தேய்த்த இரண்டு. அவர் வைத்த பொட்டு எதையும் அழிக்கவில்லை, அழித்தது நான். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போல இருக்கிறது. லேத் சத்தத்தைத் திரும்ப எடுத்துவிடலாம், அது ஒரு நொடி வேலை. இரண்டு வருடமாக மாற்றி மாற்றி அடித்த அந்த எண்கள் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

கடைசித் தகட்டைத் துணியில் ஒற்றிக்கொண்டே அவர் கேட்டார். "அந்த ரெண்டுல என்ன அம்மணி இருந்துச்சு?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை.

"உங்க லேத்துச் சத்தமுங்க. அதை வெச்சு ஒரு பாட்டு."

நல்லா இருக்குது என்று ஆரம்பித்தால் தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருப்பேன். அவர் ஆரம்பிக்கவில்லை. துணியைக் கீழே வைத்தார்.

"எந்த லேத்து? பெருசா, சின்னதா?"

"சின்னதுங்க. பித்தளை கடையறப்ப எடுத்தது."

"பித்தளைக்குச் சத்தம் மெலிசால்ல வரும்?"

"ஆமாங்க. அதை எறக்கி எறக்கித்தான் அடிக்குரலுக்குக் கொண்டுவந்தேன்."

அவர் நாற்காலியை இழுத்து என் மிஷின் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க, போடு கேக்கலாம்" என்றார். போடப் பாட்டே இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.