துப்பாக்கி பிடிக்காத பட்டாளத்துச் சாமி

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அருளப்பன் அண்ணன் போன் செய்தார். ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "நாளைக்கு லீவுதானே? எங்க ஊருக்கு வாம்மா. எங்க பெரியண்ணனுக்குச் சிலை திறக்கறாங்க. நாங்க திறக்க விடமாட்டோம். வந்து பாத்துட்டு உன் பிளாக்ல எழுது" என்றார். சொந்த அண்ணன் சிலையைத் திறக்க விடாத தம்பியைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கிளம்பிவிட்டேன்.

ஓசூர் பஸ் நிலையத்தில் காலை 6.50க்குக் கிருஷ்ணகிரி பஸ். ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். சூளகிரியில் பாலம் வேலை நடப்பதால் இருபது நிமிடம் நின்றோம், 8.25க்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அங்கேயே இட்லி சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் நல்ல கடை கிடையாது. வேப்பனப்பள்ளிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முக்கால் மணி நேரம், வழியெல்லாம் மாந்தோப்பு. அங்கிருந்து ஊருக்கு ஆறு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். டிரைவர் தெலுங்கில் ஆரம்பித்தார், என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "சிலைக்கா? போங்க, போங்க. தம்பிங்க ரெண்டு பேரும் காலையிலேர்ந்து அங்கதான் குந்தினு இருக்காங்க."

அப்படித்தான் இருந்தார்கள். ஊருக்குள் பிரியும் முனையில் வெள்ளைத் துணி போர்த்திய சிலை. அதன் பீடத்தில் முதுகைச் சாய்த்து அருளப்பன் அண்ணனும், அவருக்கு மூத்தவரான இன்னாசியும் உட்கார்ந்திருந்தார்கள். இன்னாசிக்கு அறுபத்தாறு வயது, மா விவசாயி. திறப்பு விழா பதினொரு மணிக்கு. நான் போனபோது பத்தேகால்.

சிலைக்குரியவர் மூன்று பேரில் மூத்தவரான சவரிமுத்து. பட்டாளத்தில் கிறிஸ்தவக் குருவாக இருந்தவர். வீரர்களுக்குப் பூசை வைப்பது, காயம்பட்டவர் பக்கத்தில் இருப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது அவர் வேலை. ஊரில் பட்டாளத்துச் சாமி என்றால்தான் தெரியும். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், அண்ணன் குருமடத்தில் படிப்பதற்காக இன்னாசி எட்டாவதோடு பள்ளியை விட்டு ஏர் பிடித்தார். கடைசித் தம்பியை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்ததும் அவர்தான்.

கார்கில் போரின்போது சவரிமுத்து மலையில் இருந்தார். மேலே போகும் முன் ஒரு அதிகாரி அவரிடம் கைத்துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து, தற்காப்புக்காவது வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதிகாரி சத்தம் போட்டும் வாங்கவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த சரிவில் நான்கு தடவை ஏறி, தடவைக்கு ஒருவராக நான்கு பேரைத் தோளில் தூக்கி வந்தார். கடைசித் தடவை இடது முழங்காலில் குண்டுச் சில்லு பாய்ந்தது. அதற்குத்தான் வீர விருது கொடுத்தார்கள். இங்கே இன்னாசி பதினெட்டு நாள் சைக்கிளில் வேப்பனப்பள்ளி டெலிபோன் பூத்துக்குப் போய், ஒரு தகவலும் கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்.

"ஊருக்கு வந்தப்புறம் எல்லாரும் எத்தினி பேரச் சுட்டீங்க சாமின்னு கேப்பாங்க" என்றார் அருளப்பன் அண்ணன். "ஒருத்தரையும் சுடல, நாலு பேரத் தூக்கினேன், அதுல ஒருத்தன் என் தோள்லயே செத்துட்டான்னுவாரு. அந்தச் செத்தவனைச் சொல்லாம ஒரு தடவகூட விட்டதில்ல."

ரெண்டு வருடம் முன் சவரிமுத்து இறந்தார். சிலை வைக்க ஒரு குழு கிளம்பியது. முந்தின நாள் லாரியில் வந்து இறங்கிய சிலையின் இரண்டு கையிலும் ஒரு நீளத் துப்பாக்கி.

பத்தே முக்காலுக்குக் குழுத் தலைவர் வந்தார். கோபக்காரர் இல்லை, களைத்துப்போனவர். "இன்னாசி, பட்டாளத்துக்காரர் கையில துப்பாக்கி இல்லாட்டி பாக்கறவங்க என்னய்யா நினைப்பாங்க? சாமிக்குப் பெருமைதானே?"

இன்னாசி எழுந்திருக்கவில்லை. "எங்கண்ணன் அத வேணாம்னு திருப்பிக் குடுத்தவரு. உயிரோட இருக்கறப்ப அதிகாரியால பிடிக்க வைக்க முடியல. செத்தப்புறம் நீங்க பிடிக்க வைக்கறீங்க."

"இப்ப வந்து சொன்னா எப்படி? பத்திரிகை அடிச்சாச்சு, பந்தல் போட்டாச்சு."

"துப்பாக்கி வேணும்னா இருக்கட்டும்" என்றார் அருளப்பன் அண்ணன். "கீழ இருக்கற பேரை எடுத்துடுங்க. யாரோ ஒரு சிப்பாய்னு எழுதிக்குங்க. நாங்க வீட்டுக்குப் போயிடறோம்."

நான் போனில் படம் எடுப்பதைத் தலைவர் பார்த்தார். "நீ யாரும்மா?" என்றார். "அருளப்பன் அண்ணன்கூட வேலை பார்த்தவ. எழுதுறதுக்காக வந்திருக்கேன்" என்றேன். போனை இறக்கவில்லை. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, துப்பாக்கிய வெட்டிக்குங்க. சிலை உடைஞ்சா நான் பொறுப்பில்ல."

அருளப்பன் அண்ணன் துணியை விலக்கிவிட்டு, பைக்குள்ளிருந்து கம்பி அறுக்கும் கிரைண்டரை எடுத்தார். டீக்கடையிலிருந்து மின்சாரம், வயரைப் பிடித்துக்கொண்டு நான். சிமெண்ட்டுக்குள் கம்பி வைத்திருந்ததால் நாற்பது நிமிடம் ஆனது. தூசியில் அவர் தலை வெளுத்துவிட்டது. துப்பாக்கி துண்டு துண்டாக விழுந்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் அதோடு சேர்ந்து பெயர்ந்தன. தலைவர் உச்சுக் கொட்டினார். இன்னாசி அந்த விரல்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "விரல் போனா போவுது, இப்பதான் இது எங்கண்ணன்" என்றார். அதன்பிறகுதான் அழுதார்.

மறுபடி துணி போர்த்தி, பன்னிரண்டு மணிக்குச் சிலையைத் திறந்தார்கள். தலைவரே மாலை போட்டார். தன் பேச்சில் எதிரிகள் என்று ஆரம்பித்தவர், தம்பிகள் பக்கம் பார்த்துவிட்டு, தூக்கி வந்த நான்கு பேரைப் பற்றிச் சொன்னார். செத்தவரையும் சேர்த்து.

போக நினைப்பவர்களுக்கு: ஓசூரிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். மாம்பழ சீசனில் போனால் பெங்களூரா மாங்காய் தோப்பிலேயே கிடைக்கும், பை கொண்டுபோங்கள். கடைசி டவுன் பஸ் நேரத்தைக் காலையிலேயே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்குப் போக வர நூற்றைம்பது ரூபாய் ஆனது, சாப்பாடு இன்னாசி வீட்டில். விருதைப் பார்க்கக் கேட்டால் காட்டுவார்கள். அதைக் கையில் வைத்துப் படம் எடுக்க மட்டும் கேட்காதீர்கள். பெரிய வீரர்களைப் பெரிதாக்கிக் காட்டத்தான் நமக்குத் தெரிகிறது. அவர்கள் எதைச் செய்ய மறுத்தார்கள் என்பதையும் ஞாபகம் வைத்திருக்க, வீட்டில் யாராவது பிடிவாதக்காரர்கள் இருக்க வேண்டியிருக்கிறது.

கிளம்பும்போது, குழு மறுபடி துப்பாக்கியை ஒட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இன்னாசி தம்பியைக் காட்டினார். "அவன் ஓசூர் வீட்டக் காலி பண்ணினு இங்கயே வந்துட்டான். அறுக்கற மெஷினும் இங்கதான் இருக்குது."