ஐந்து வேளை ஆவி

என் அக்கா புருஷனை இதில் 'அவர்' என்றே எழுதுகிறேன். அது பழக்கம். மரியாதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அவர் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். வாசலை ஒட்டி ஒரு கம்பிச் சன்னல், அதற்குப் பின்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவர். வண்டி வெளியே போகும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடிகாரம் பார்க்கத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். அவரோ பணிமனையையே தன் தலையில் தூக்கிச் சுமப்பதுபோல நடந்துகொள்வார். இரண்டு நிமிஷம் தாமதமாக வந்த டிரைவரைக்கூடச் சன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்துக் காரணம் எழுதி வாங்குவார். அங்கே அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அவரால் பெரிய தொந்தரவு இருந்ததில்லை. வீட்டில் இருந்தால்தானே தொந்தரவு. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். அதை நம்பித்தான் அக்கா பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினாள்.

கொரோனா வந்து பேருந்துகள் நின்றபோது, அவருக்கு அதிகாரம் பண்ண ஆள் இல்லாமல் போயிற்று. நான்கு நாள் சோபாவில் படுத்து செல்போனில் வந்த வீடியோவையெல்லாம் பார்த்தார். ஐந்தாம் நாள் ஒரு காகிதத்தில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். ஆவி பிடிக்கும் நேரம்: 6.10, 9.10, 12.10, 4.10, 7.10. அது ஏன் எல்லாவற்றிலும் ஒரு பத்து நிமிஷம் என்று அக்கா கேட்டிருக்கிறாள். முழு மணியாகப் போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்றாராம்.

முதலில் அவர், பிறகு அக்கா, கடைசியில் பதினான்கு வயது மகள். அலுமினியக் குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்து, மற்ற இரண்டு பேருக்கும் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அக்காவின் வேலை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை. அவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கூட வேலை செய்கிறவர்களுக்கும் காட்டினேன். எங்கே நின்று சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு நர்ஸ். கட்டுப் போடுவது என் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறேன். அந்த மாதம் எங்கள் வார்டில் மூன்றில் ஒரு கட்டில் ஆவி பிடிக்கப் போய் வெந்நீர் கொட்டிக்கொண்டவர்களுடையது. பாதிப்பேர் குழந்தைகள். காலையில் அந்தக் குழந்தைகளுக்குக் கட்டு மாற்றிவிட்டு, மத்தியானம் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். 'வேண்டாம் அக்கா' என்று ஒரு போன் போடத் தோன்றவில்லை. அவரைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது. அதே வாய் அன்றைக்குச் சிரிக்கத்தான் திறந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், 4.10 ஆவிக்கு மகள் நான்கு நிமிஷம் தாமதமாக வந்தாள். செல்போனில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது, டீச்சர் அவளைக் கேள்வி கேட்டுவிட்டார். அதற்குள் தண்ணீர் சூடு தணிந்துவிட்டது. மறுபடி கொதிக்க வை என்றார் அவர். அக்கா வைத்தாள். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரைத் தூக்கி வந்து ஸ்டூலில் வைத்துவிட்டு நிமிர்வதற்குள், பின்னாலிருந்து மகள் தலை மேல் போர்வையைப் போட்டுக் கழுத்தைப் பிடித்து அழுத்தியிருக்கிறார். லேட்டாக வந்ததற்குத் தண்டனை போலிருக்கிறது. அவள் மூச்சு முட்டி உதறினாள். முழங்கால் ஸ்டூலில் இடித்தது. குண்டான் அவள் பக்கம் சரிந்தது. அக்கா வெறும் கையால் அதன் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

உள்ளங்கை இரண்டும், அடிவயிறும், வலது தொடை முழுக்கவும் வெந்துபோயின.

அவர் முதலில் சொன்னதை மகள்தான் எனக்குச் சொன்னாள். "ஒரு பாத்திரத்தை ஒழுங்கா வைக்கத் தெரியாதா?"

நான்கு எட்டில் குழாய் இருந்தது. இருபது நிமிஷம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தால் பாதிக் காயத்தோடு போயிருக்கும். அவர் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு டியூப் பற்பசை முழுவதையும் பிதுக்கிக் கொடுத்து மகளைப் பூசச் சொன்னார். மருத்துவமனை என்றதும் முகம் மாறிவிட்டதாம். அங்கே போனால் நோயோடுதான் திரும்புவாள், வீடே படுத்துவிடும் என்றார். எனக்கும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. அக்காவும் சரி என்றிருக்கிறாள். அவளுக்கு சரி சொல்லிப் பழக்கம்.

மூன்றாம் நாள் காலை வகுப்பு நேரத்தில் மகள் என்னை வீடியோவில் கூப்பிட்டாள். "சித்தி, அம்மா எழுந்திருக்கவே மாட்டேங்குறாங்க" என்று கிசுகிசுத்துவிட்டு செல்போனைத் திருப்பினாள். பற்பசை காய்ந்து சுண்ணாம்புச் சுவர்போல வெடித்திருந்தது. வெடிப்புக்கு நடுவே தோல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது.

"அந்த வெள்ளையா இருக்கிற இடத்துல தொட்டா வலிக்குதான்னு கேளு" என்றேன்.

"அங்க மட்டும் வலிக்கலையாம், சித்தி. ஆறிடுச்சுன்னு அப்பா சொல்றாரு."

வலிக்கவில்லை என்றால் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. நரம்புவரை வெந்துவிட்டது என்று அர்த்தம். நான் ஆம்புலன்சுக்குச் சொல்லி, அதிலேயே ஏறிப் போனேன்.

அவர் கதவைப் பாதி திறந்து நின்றார். முகத்தில் இரண்டு மாஸ்க், கையில் மருந்து தெளிக்கிற பாட்டில். "நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற. உள்ள வராத."

"சரி மாமா, நான் வரலை. அக்காவை நீங்களே தூக்கிட்டு வாங்க."

அவர் அசையவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமே என்றார். அந்த மூன்று நாளும் அவர் அக்காவைத் தொடவே இல்லை என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது. நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்குள் மகள் அம்மாவைத் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டி வந்துவிட்டாள். இரண்டு பேரும் அவரைத் தாண்டி வெளியே வந்தார்கள். அவர்கள் கைபட்ட கதவுப் பிடியில் அவர் மருந்து தெளித்தார். என் கண்ணால் பார்த்தேன்.

பற்பசையைச் சுரண்டி எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் அவரிடம் போனில் விவரம் கேட்டபோது, அவள் கைதவறிக் கொட்டிக்கொண்டாள் என்றார். டாக்டர் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த அக்கா வாயைத் திறந்தாள்.

"கை தவறலைங்க. நான்தான் என் பக்கம் இழுத்தேன். இல்லன்னா பொண்ணு முகத்துல போயிருக்கும். அவரு பிடிச்சு அழுத்துனாரு. அப்படியே எழுதுங்க."

அவள் தன் புருஷனைப் பற்றி வெளி ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் முதலில் எழுதியதை அடித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினார்.

இடது தொடையிலிருந்து தோல் எடுத்து வலது தொடையில் ஒட்டினார்கள். இருபத்துநான்கு நாள் வார்டில் இருந்தாள். கட்டு மாற்றும்போதெல்லாம் என் சட்டையைப் பற்களால் கடித்துக்கொள்வாள், கத்த மாட்டாள். மகள் என் ஒற்றை அறையில் தங்கினாள். பார்க்க ஆளை விடுவதில்லை, விட்டால் கூடவே இருந்திருப்பேன் என்று அவர் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஆளை விட்டோம். அவருக்கும் அது தெரியும். மாத்திரை எந்தெந்த நேரத்துக்குப் போட வேண்டும் என்று தினமும் எனக்குச் செய்தி அனுப்புவார். நர்ஸுக்கு!

அக்கா என்னோடு வந்துவிடுவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் அந்த வீட்டுக்கே திரும்பினாள். "எங்கயாவது போய் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்லடி" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் போன அன்றைக்கே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டாளாம். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம்.

பேருந்துகள் ஓடத் தொடங்கிய பிறகு அவருக்கே அந்த நோய் வந்தது. லேசான காய்ச்சல்தான். அறைக்குள்ளிருந்து ஆவிக்குத் தண்ணீர் வை என்று குரல் கொடுத்திருக்கிறார். "அடுப்பு அங்க இருக்கு. பாத்திரமும் அங்கதான் இருக்கு" என்று மட்டும் அக்கா சொன்னாள். அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து நாளில் தானாகவே சரியாயிற்று. தன் கட்டுப்பாடுதான் குடும்பத்தைக் காப்பாற்றியது என்று பணிமனையில் பேசினதாகக் கேள்வி.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அக்காவின் தொடைத் தோல் இறுகிவிட்டது, தரையில் உட்கார முடியாது. போன மாதம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அவர் கூடத்துக்கு வந்தால் மகள் எழுந்து போய்விடுகிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டார். "நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."

"மாமா, அக்காவுக்கு எந்தக் கால்ல கொட்டுச்சு?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"இடதுதானே?"

எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். படி இறங்கும்போது பின்னாலேயே வந்தார். வலதா, வலதா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.